மூன்றாவது நீட் வேண்டாம், ஐயா

இரண்டு முறை நீட் எழுதியும் எம்பிபிஎஸ் இடம் கிடைக்காத மகளைப் போன வாரம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். தைரியமாக இருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது போதாது என்று பட்டது, அதனால் இதை எழுதுகிறேன்.

மறுபடி ஒரு வருடம் கோச்சிங், இல்லையென்றால் வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்கிறார் உங்கள் மச்சான். வட்டி கட்டப்போவது நீங்கள். படித்து முடித்து வந்தாலும் இங்கே இன்னொரு தேர்வில் தேறினால்தான் டாக்டர். அடமானம் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் போன் பேச வெளியே போனபோது அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். அதுவரை குனிந்தே இருந்தவள், மேஜையில் கிடந்த ரசீதின் பின்பக்கம் ஒரு நரம்பு செல்லை வரைந்தாள். உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட், பக்கத்து செல்லிலிருந்து வருகிற ஒரு சிக்னல் பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்கூட ஏற்றாது, அப்படிப் பல சிக்னல்கள் சேர்ந்தோ அடுத்தடுத்தோ வந்து மைனஸ் 55 பக்கம் போனால்தான் செல் தன் சிக்னலை அனுப்பும், தடுக்கிற சிக்னல்கள் வந்தால் அதில் கழியும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "கூட்டல் கழித்தல்தான் சார்!"

இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, பிஎஸ்சி நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி, அதாவது மூளை, நரம்புகளின் மின் சிக்னல்களை அளக்கிற படிப்பு. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணை மருத்துவப் படிப்புகளில் ஒன்று. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள், இந்த வருட விதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலை என்னவென்றால், தலையை டேப்பால் அளந்து, பேஸ்ட் தடவி, சிக்னலைப் பிடிக்கிற சின்ன உலோகத் தகடுகளை, அதாவது எலக்ட்ரோடுகளை, இருபதுக்கு மேல் ஒட்டி ஈஈஜி எடுப்பது, அதாவது மூளையின் மின் சிக்னல்களைக் கோடுகளாகப் பதிவு செய்வது. அவள் வரைந்த அதே சின்னச் சிக்னல்கள்தான் ஆயிரக்கணக்கான செல்களில் ஒன்றுகூடி, மண்டையோட்டைத் தாண்டி சில பத்து மைக்ரோவோல்ட்டாக வருகின்றன. நோயாளி பல்லைக் கடித்தாலே கோடு கலங்கிவிடும், அது தசையா வலிப்பா என்று பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். முதுகுத்தண்டு ஆபரேஷனில் கணுக்கால் நரம்பைத் தூண்டி, உச்சந்தலைக்குச் சிக்னல் வருகிறதா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் இவர்கள்தான். அது பாதியாகக் குறைந்தால் சர்ஜனிடம் உடனே சொல்ல வேண்டும். கை நடுங்காத, பொறுமையான பிள்ளைக்கு உரிய வேலை, அவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

டெக்னீஷியனா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் மறைக்க மாட்டேன். தனியார் கல்லூரி என்றால் நரம்பியல் பிரிவுக்கு நேரில் போங்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஈஈஜி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மெஷின் மூடிக் கிடந்தால் பணம் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.

சனிக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள். மச்சான் வேண்டாம்.