மாடிக் கணினியிலிருந்து டேட்டாபேஸ் திறக்கவில்லை: 2003, 1130, 1045, 1142 என்ன சொல்கின்றன?

கேள்வி: பாளையங்கோட்டையில் அப்பா நடத்தும் மொத்த மளிகைக் கடைக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். கீழே கடையில் உபுண்டு சர்வர், அதில் மைஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். பில்லிங் அங்கேயே ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. மாடியிலுள்ள விண்டோஸ் கணினியிலிருந்து இணைத்தால் முதலில் 2003 என்ற பிழை வந்தது. கான்ஃபிக் ஃபைலில் ஏதோ மாற்றினேன், 1130 ஆனது. யூசர் ஒன்று உருவாக்கினேன், 1045. ஒருவழியாக உள்ளே போனால், ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும்போது 1142. ஃபயர்வாலை அணைத்துவிட்டு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கே எல்லா இடத்திலிருந்தும் அனுமதி கொடுத்துவிடு என்கிறார் நண்பர். அம்பாசமுத்திரம் கிளையையும் இணைக்க வேண்டும். அப்படிச் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டீர்கள். அந்த நான்கு எண்களும் வந்த வரிசையைப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு மடை தாண்டியிருக்கிறீர்கள். கன்னடியன் கால்வாயில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் அணைக்கட்டை உடைக்கப் போவதில்லை. எந்த மடை வரை வந்து நிற்கிறது என்று கரையோடு நடந்து பார்ப்பார்கள். மைஸ்க்யூஎல் அந்த நடையை மிச்சப்படுத்தி, நின்ற இடத்தை எண்ணாகச் சொல்லிவிடுகிறது.

2003 வந்தால் நீங்கள் இன்னும் மைஸ்க்யூஎல்லிடம் போய்ச் சேரவே இல்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. அந்தச் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும். விண்டோஸில் 10061 என்றால் பெரும்பாலும் சர்வர் கணினி வரை போய்விட்டீர்கள், அங்கே அந்த போர்ட்டில் (மைஸ்க்யூஎல்லுக்கான கதவு எண், வழக்கமாக 3306) கேட்க ஆள் இல்லை. 10060 என்றால் பதிலே வரவில்லை, அதாவது நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கும் அல்லது ஐபி முகவரியே தப்பு. பிங் (கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறதே என்று ஏமாற வேண்டாம். பிங் போனாலும் 3306 மூடியிருக்கலாம்.

10061-க்கு வழக்கமான காரணம் பைண்ட் அட்ரஸ், அதாவது சர்வர் தன் எந்த முகவரியில் அழைப்பைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் வரி. உபுண்டுவில் மைஸ்க்யூஎல்லை நிறுவும்போதே அது 127.0.0.1 என்று எழுதப்பட்டிருக்கும். தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும், வெளி அழைப்பு காதில் விழாது. கடையில் பில்லிங் ஓடியதும் மாடியில் ஓடாததும் இதனால்தான். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: இணையப் போகும் கணினியின் முகவரியை அதில் எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுத வேண்டியது சர்வரின் சொந்த முகவரி. சர்வர் 192.168.1.10 என்றால், 127.0.0.1 என்று எழுதி, கமா போட்டு 192.168.1.10 என்று சேர்த்துவிடுங்கள். இப்படி இரண்டு முகவரி கொடுக்கும் வசதி 8.0.13 முதல் உண்டு. சேவ் செய்தால் போதாது, மைஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்னொன்று. அந்த 192.168.1.10 மாறாத முகவரியாக இருக்க வேண்டும். பேட்டையில் ஒரு குடோனில் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் சர்வருக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. கான்ஃபிக்கில் எழுதிய முகவரி கணினியில் இல்லாததால் மைஸ்க்யூஎல் எழும்பவே இல்லை, காலை முழுக்க பில் போட முடியவில்லை. ரவுட்டரிலேயே சர்வருக்கு அந்த முகவரியை ஒதுக்கிவிடுங்கள். ஃபயர்வாலில் 192.168.1.0/24 வரிசைக்கு (192.168.1 என்று தொடங்கும் முகவரிகளுக்கு) மட்டும் 3306-ஐத் திறந்தால் போதும், அதை அணைக்கவே தேவையில்லை.

சரி, 1130. இது வந்தால் சந்தோஷப்படுங்கள், மைஸ்க்யூஎல்லே உங்களிடம் பேசுகிறது. உங்கள் கணினியின் முகவரிக்குப் பொருந்துகிற கணக்கு ஒன்றுகூட இல்லை என்கிறது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. 1045 என்றால் அந்த முகவரியிலிருந்து வரலாம், ஆனால் நீங்கள் கொடுத்த பெயரோ பாஸ்வேர்டோ சேரவில்லை.

மைஸ்க்யூஎல்லில் கணக்கு என்பது பெயர் மட்டும் இல்லை. பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது சர்வருக்குள்ளிருந்தே, வரும் 'பில்' என்ற யூசர் வேறு, 192.168.1.% என்ற வரிசையிலிருந்து வரும் 'பில்' வேறு (% இருக்கும் இடத்தில் எதுவும் வரலாம்). நம் ஊர்த் தெருவில் நாலு இசக்கிமுத்து இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்துத்தானே கூப்பிடுகிறோம், அதுபோல. இருவருக்கும் பாஸ்வேர்டு தனி, உரிமையும் தனி. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குப் போகாது. 1045 செய்தியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் முகவரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், சர்வர் உங்களை எங்கிருந்து வருபவராகப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். பாஸ்வேர்டு பயன்படுத்தியது 'நோ' என்று கடைசியில் இருந்தால், உங்கள் மென்பொருள் பாஸ்வேர்டை அனுப்பவே இல்லை.

உள்ளே போன பிறகு 'யூசர்', 'கரண்ட்_யூசர்' என்ற இரண்டு ஃபங்ஷனையும் ஓட்டிப் பாருங்கள். முதலாவது நீங்கள் யார் என்று சொல்லி வந்தீர்கள் என்பதைக் காட்டும். இரண்டாவது, சர்வர் உங்களை எந்தக் கணக்கில் சேர்த்தது என்பதைக் காட்டும். உரிமை இரண்டாவதற்குத்தான். அப்புறம் 'ஷோ கிராண்ட்ஸ்' அடித்தால் அந்தக் கணக்குக்கு என்னென்ன உண்டு என்று பட்டியல் வரும்.

1142-இல் மறுக்கப்பட்ட கட்டளை, கணக்கு, டேபிள் மூன்றும் எழுதியிருக்கும். செலக்ட் என்றிருந்தால் படிக்கும் உரிமை கொடுங்கள். இன்சர்ட் என்றிருந்தால் ரிப்போர்ட் மென்பொருள் எதையோ எழுதப் பார்க்கிறது, அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது 1410 என்று வந்தால், உங்களுக்கு அதிகாரம் இல்லையோ என்று குழம்ப வேண்டாம். 8.0-இல், உரிமை கொடுக்கும் கிராண்ட் கட்டளை புதிய கணக்கை உருவாக்காது. நீங்கள் எழுதிய பெயரும் முகவரியும் ஜோடியாக இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. கிராண்ட் மூலம் உரிமை கொடுத்த பின், உரிமைகளை மறுபடி படிக்க வைக்கும் ஃப்ளஷ் கட்டளை தேவையில்லை.

அம்பாசமுத்திரத்துக்கு வருவோம். 3306-ஐ இன்டர்நெட்டுக்குத் திறக்காதீர்கள், அதுவும் ரூட்டுக்கு % போட்டு வேண்டவே வேண்டாம். 2017 தொடக்கத்தில், இப்படித் திறந்து கிடந்த மைஸ்க்யூஎல் சர்வர்களில் புகுந்து தரவை அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பை விட்டுப்போன தாக்குதல்கள் நடந்தன. அப்பாவின் கடன் பாக்கிக் கணக்கெல்லாம் அதில்தானே இருக்கிறது. வயர்கார்டு போன்ற விபிஎன் (இன்டர்நெட் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை) அல்லது எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வரைப் பாதுகாப்பாக எட்டும் வழி) டன்னல் வழியாகக் கிளையை இணையுங்கள். எஸ்எஸ்எச் டன்னலில் வந்தால் சர்வருக்கு நீங்கள் லோக்கல்ஹோஸ்டிலிருந்து வருபவர்போலத் தெரிவீர்கள், அதனால் கணக்கையும் அதற்கேற்ப உருவாக்க வேண்டும். கடை ரவுட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், அது உங்களுக்கென்று தனியாகக் கொடுத்த முகவரி இல்லை. வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் சேவை கைகொடுக்கும்.

நண்பர் சொன்னபடி ஃபயர்வாலை ஏற்கெனவே அணைத்திருந்தால் இன்றே திரும்பப் போடுங்கள். போடும் முன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாடியிலிருந்து சர்வரை எட்ட முடியாமல் கீழே இறங்கிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.