ஒவ்வொரு பருவத்துக்கும் பாடநூலுக்கே 400 சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறந்தநிலைப் பாடநூல்களை நம்பிப் படிக்கலாமா?

படிக்கலாம். நான் படித்தேன், தேர்ச்சியும் பெற்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. பாடநூல் விலை என்ற பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு 2020 ஜனவரி நினைவுக்கு வந்துவிடுகிறது.

நீங்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் வகுப்புக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். முழுநேர மாணவராக இருந்தால் மூத்த மாணவர்கள் யாரிடமாவது பழைய புத்தகம் கேட்டு வாங்கியிருப்பீர்கள். பகுதிநேர வகுப்பில் அப்படி யாரையும் தெரியாது. வகுப்பு முடிந்தவுடன் எல்லாரும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் மூவறை வீடு, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பாடநூல் வாங்குவது அக்காவுக்கு மட்டும்தான். அக்கா முடித்ததும் அண்ணனுக்கு வரும், அண்ணன் முடித்ததும் எனக்கு வரும். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அக்கா பென்சிலில் எழுதி வைத்த விடைகளை அழித்துவிட்டு நான் எழுதுவேன். பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளில் அப்பாவின் முகம் வாடிவிடும், புதிய புத்தகம் வாங்க வேண்டுமே என்று. அக்கா பல்கலைக்கழகம் போனபோதுகூட ஆசிய நாடுகளுக்கென்று தனியாக அச்சிட்ட மெல்லிய தாள் பதிப்புகள்தான் வாங்கினார். அட்டையிலேயே அமெரிக்காவில் விற்கக்கூடாது என்று போட்டிருக்கும். அந்தப் புத்தகங்களை விற்ற காசில்தான் அடுத்த பருவத்துக்கு வாங்கினார்.

இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்த 2020 ஜனவரியில், 42 வயதில், ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். நிதிக் கணக்கியல் பாடத்துக்குச் சொன்ன புத்தகம் புதிதாக 148 வெள்ளி. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே பதிப்பு 45 வெள்ளிக்குக் கிடைத்தது. 103 வெள்ளி மிச்சம் பிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

முதல் வகுப்பில் விரிவுரையாளர் வீட்டுப்பாடத்தைப் பதிப்பகத்தின் இணையத்தளத்தில் செய்ய வேண்டும் என்றார். அதற்கு 20 மதிப்பெண். உள்ளே நுழைய ஒரு குறியீடு வேண்டும். அது புத்தகத்தின் பின்னட்டைக்குள் வெள்ளிப்பூச்சுக்கு அடியில் இருக்கும். என் புத்தகத்தில் அந்தப் பூச்சு ஏற்கெனவே சுரண்டப்பட்டிருந்தது. அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன், பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று வந்தது. குறியீடு மட்டும் தனியாக 92 வெள்ளி. ஆக 137 வெள்ளி கொடுத்தேன், மிச்சம் 11 வெள்ளி.

எனக்கு வலித்தது விலை அல்ல. ஆறு மாதம் கழித்து அந்த இணையத்தளத்தில் என் கணக்கு மூடப்பட்டது. அடுத்த பருவத்தில் மேலாண்மைக் கணக்கியலுக்காகப் பழைய பயிற்சிகளைத் திருப்பிப் பார்க்கலாம் என்று போனால் உள்ளே விடவில்லை. நான் இரவு ஒரு மணி வரை விழித்து எழுதிய விடைகள் அவை. அக்காவின் பென்சில் விடைகள் எனக்குக் கிடைத்தன. என்னுடையவை எனக்கே கிடைக்கவில்லை.

அந்தப் பருவத்தின் நடுவில்தான் கொவிட் கிருமிப் பரவலுக்காக சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் வந்தது, 2020 ஏப்ரல் 7 முதல். கல்லூரி நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு மூன்று பிரதிகள் உண்டு. ஒருவருக்கு இரண்டு மணி நேரம் என்று கொடுப்பார்கள். கட்டடத்தையே மூடிவிட்டார்கள். புத்தகமே வாங்காமல் நூலகத்தை நம்பியிருந்தவர்கள் வகுப்பில் நான்கைந்து பேர். தாதியாக வேலை பார்த்த ஒரு மலாய்த் தோழி எங்கள் குழுவுக்கு ஓர் இணைப்பு அனுப்பினார். ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட கணக்கியல் புத்தகம், இரண்டு தொகுதிகள், முழுவதும் இலவசம். நான் முதலில் திருட்டுப் பிரதி என்றுதான் நினைத்தேன்.

அது திருட்டு இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முன்பு ஒருமுறை இதைப் பற்றி எழுதியபோது ஒருவர் என்னைப் பதிப்புரிமைத் திருடன் என்றார். ஓபன்ஸ்டாக்ஸ் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1999இல் ரிச்சர்ட் பரானியுக் என்ற பேராசிரியர் தொடங்கிய கனெக்‌ஷன்ஸ் என்ற முயற்சியிலிருந்து வளர்ந்தது. 2012இல் முதல் பாடநூலாக இயற்பியலை வெளியிட்டார்கள். கணக்கியல் 2019இல் வந்தது. எழுதுவது பேராசிரியர்கள், சரிபார்ப்பதும் பேராசிரியர்கள். செலவை ஹியூலெட், கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகள் ஏற்கின்றன. இலவசமாகக் கிடைப்பதால் தரம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். செலவை வேறு ஒருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

பதிப்பாளர்களை நான் கொள்ளைக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. என் மாமா முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஒரு பாடநூலுக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அமெரிக்க அரசாங்கத்தின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கே 2006 முதல் 2016 வரை அங்கே கல்லூரிப் பாடநூல் விலை 88 விழுக்காடு ஏறியது என்று காட்டுகிறது. சம்பளம் யாருக்கு அப்படி ஏறியது?

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்செங் என்ற மாணவர், அக்கா வாங்கிய மாதிரியான மலிவுப் பதிப்புகளை ஊரிலிருந்து வரவழைத்து அங்கே விற்றார். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருமுறை முறையாக விற்ற புத்தகத்தை வாங்கியவர் கைமாற்றலாம் என்பது அதன் சாரம். தாளில் அச்சிட்ட புத்தகத்தைக் கைமாற்றலாம், குறியீட்டைக் கைமாற்ற முடியாது. பதிப்பகங்கள் ஏன் இவ்வளவு வேகமாகக் குறியீட்டின் பக்கம் சாய்ந்தன என்பதற்கு நான் கண்ட விளக்கம் இது. வேறு காரணங்களும் இருக்கலாம். என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. ஓபன்ஸ்டாக்ஸ் கணக்கியல் அமெரிக்க விதிகளை அடிப்படையாகக் கொண்டது. நாம் பின்பற்றும் சிங்கப்பூர் நிதி அறிக்கைத் தரநிலைகள் அனைத்துலகத் தரநிலைகளை ஒட்டியவை. கடைசியில் வந்த சரக்கு முதலில் விற்றதாகக் கணக்கு வைக்கும் லைஃபோ முறை அமெரிக்காவில் செல்லும், இங்கே செல்லாது. நான் கிடங்கில் வேலை பார்க்கிறவன், சரக்கிருப்பு எனக்கு அத்துப்படி. அப்படியிருந்தும் வகுப்புத் தேர்வில் லைஃபோவில் ஒரு கணக்கைப் போட்டு ஆறு மதிப்பெண் இழந்தேன். அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நமக்குப் பொருள் சேவை வரி. ஆகவே பாடத்திட்டத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு படியுங்கள். புள்ளியியல், இயற்பியல், உயிரியல் போன்ற பாடங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அடுத்த பருவத்தில் ஓபன்ஸ்டாக்ஸ் புள்ளியியல் புத்தகத்தை மட்டுமே வைத்துப் படித்தேன். தேவையான 60 பக்கங்களைப் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள கடையில் பக்கம் ஐந்து காசுக்கு அச்செடுத்தேன். மூன்று வெள்ளி.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் கிடங்கில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் பதிவு வகுப்புக்குப் போனார். ஆங்கிலத்தில் தடுமாறினார். சாப்பாட்டு வேளையில் என்னிடம் நோட்டைக் கொண்டு வருவார். ஒரு நாள், "அண்ணே, கையில் காசு வருகிறது, அதைப் போய் ஏன் பற்று என்று எழுதுகிறார்கள்? வரவு என்றுதானே எழுத வேண்டும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தக் காலத்து மளிகைக் கடையில் கடன் எழுதி வைக்கும் 555 நோட்டு நினைவுக்கு வந்தது. அம்மா அரிசி வாங்கினால் கடைக்காரர் அம்மாவின் பக்கத்தில் பற்று என்று எழுதுவார். அம்மா எடுத்துக்கொண்டது அது. மாதக் கடைசியில் அம்மா காசு கொடுத்தால் அதே பக்கத்தில் வரவு. அம்மாவிடமிருந்து வந்தது அது. கணக்கை ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால் போதும். ரொக்கப் பெட்டியும் ஓர் ஆள்தான். அது காசை எடுத்துக்கொண்டது, ஆகவே பற்று. மறுநாள் சொன்னேன். தம்பியின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை.

அன்றிரவே ஓபன்ஸ்டாக்ஸ் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழாக்கத் தொடங்கினேன். பரிமாற்றங்களைப் பதியும் அத்தியாயம் அது. அமெரிக்க அச்சுக்கடை உதாரணத்தை எடுத்துவிட்டு, தேக்காவில் ஒரு மளிகைக் கடை என்று மாற்றி எழுதினேன். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு போன்ற கணக்கியல் சொற்களைத் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, அந்த நூலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உண்டு, பிறர் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டித் தரும் அனுமதி அது. உரிமம் கேட்டபடி மூல நூலின் பெயரைப் போட்டேன், என்ன மாற்றினேன் என்று குறித்தேன், காசு வாங்கவில்லை. 148 வெள்ளிப் புத்தகத்தில் இதைச் செய்திருந்தால் பதிப்புரிமை மீறல். அப்போதிருந்த சட்டப்படி ஓர் அத்தியாயம் அல்லது பத்து விழுக்காடு வரை சொந்தப் படிப்புக்கு நகலெடுக்கலாம். மொழிபெயர்த்துப் பிறருக்குக் கொடுப்பது வேறு விஷயம்.

கணக்கியலைத் தமிழில் படித்து என்ன ஆகப் போகிறது என்று என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். இப்படிப்பட்ட இலவசப் பாடநூல்களுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்ற பெயரை யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் 2002இல்தான் வைத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டது. அதற்கும் முந்திய ஆண்டு, தமிழைக் கணினியில் எழுதுவது பற்றிய தமிழ்நெட் மாநாடு நம் சிங்கப்பூரில் நடந்தது. கணினித் தமிழ் முன்னோடியான நம்மூர் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தினார். இவ்வளவும் செய்த மொழியில் ஒரு பேரேட்டை எழுத முடியாதா?

கோபத்தோடு கோபமாக இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லை என்று தெரிந்தே. திறன்களை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனங்கள் மேடைக்கு மேடை பேசுகின்றன. நான் வகுப்பு நாள்களை மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்தேன். அப்படியும் தேர்வு வாரத்தில் எனக்கு இரவுப் பணி போட்டார்கள், இரண்டு முறை. இரண்டாவது முறை காலை ஏழு மணிக்கு வேலை முடித்து, குளித்துவிட்டு, ஒன்பது மணித் தேர்வுக்கு உட்கார்ந்தேன். அந்தத் தம்பிக்கு ஞாயிறு மிகைநேர வேலை போட்டு மூன்று வகுப்புகள் போயின. புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம், படிக்க நேரத்தை யார் கொடுப்பது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகம் வாங்குவதற்கு முன் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இணைய வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் குறியீட்டை மட்டும் வாங்குங்கள், பாடத்தைத் திறந்தநிலை நூலில் படியுங்கள். இல்லை என்றால் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். பழைய புத்தகம் வாங்கினால் பின்னட்டையைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்தநிலை நூல் அல்ல, முதல் பக்கங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி பயிற்சிக் கட்டணத்துக்குத்தான், புத்தகத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் படிப்பது கணக்கியல் என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முதல் மூன்று அத்தியாயங்கள் தமிழில் தயாராக இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன். நான்காவது, சரிக்கட்டுப் பதிவுகள், பாதியில் நிற்கிறது. தம்பி ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆனால் திருத்தங்களை இன்னும் அங்கிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதியிருக்கிறேன், அடுத்த பெயருக்கும் இடம் விட்டிருக்கிறேன்.