சுயாதீனப் பாடகர் என்றால் என்ன அர்த்தம்?

தானே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, சொந்தச் செலவில் வெளியிடுபவர். சினிமாப் பாட்டில் ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போய்விடும். இங்கே வரி, மெட்டு, பதிவு மூன்றும் அவர் கையில்.

தாமிரபரணித் தண்ணீரில் சொந்த வயல் வைப்பது மாதிரிதான். நடவுக்குப் போனால் அன்றைக்கே கூலி கிடைக்கும், நெல் நமதில்லை. சொந்த வயலில் விதை, உரம், கடன் எல்லாம் நம் தலையில், விளைச்சலும் நமதே.

எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் வீசுகோல் வில்லில் விழ, குடம் அதிர, விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். அதைக் கேட்டு வளர்ந்து சொந்தமாக எழுதுகிற பிள்ளைகள் ஒரு பாட்டைக்கூட ஒலிப்பதிவாக்காமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், அரசிடம் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயமில்லை, நோட்டில் எழுதியபோதே வரிகள் உங்களுடையவை.