யூரோ நிம்ஃபிங் தொடங்க தனி லைன் வேண்டுமா? லீடர் எது போடுவது?

கேள்வி கேட்டவரிடம் 9 அடி, 5 வெயிட் (லைனின் கனத்தைக் குறிக்கும் எண்) ராடும், அதாவது தூண்டில் கோலும், அதற்குரிய சாதாரண மிதக்கும் லைனும் இருக்கின்றன. ட்ரவுட் மீன் பிடிக்க யூரோ நிம்ஃபிங் பழக ஆசை. கனமான நிம்ஃபை (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டிய முள்) ஆற்றின் அடியில் ஓட்டிப் பிடிக்கும் முறை அது. கடையில் முதலில் யூரோ லைன் ஒன்றை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா, லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய இழை) எப்படி அமைப்பது என்கிறார்.

லைனை இப்போது வாங்காதீர்கள். அந்தக் காசில் நாலைந்து ஸ்பூல் தங்கூசியும், டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப் கொஞ்சமும் வாங்குங்கள். நான் பென்சில்வேனியாவில் ஸ்பிரிங் கிரீக், பென்ஸ் கிரீக் ஆறுகளில் மீன் பிடிப்பவன். இங்கே யூரோ முறைக்கு வரும் புதியவர்கள் ரீலுக்குள் சுருண்டு கிடக்கப் போகிற லைனுக்கு ஐம்பது அறுபது டாலர் கொடுத்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கும் டிப்பெட்டில் (லீடரின் மெல்லிய கடைசித் துண்டு) சிக்கனம் பார்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

வழக்கமான ஃப்ளை ஃபிஷிங்கில் எடை லைனில் இருக்கிறது; எடையே இல்லாத ஃப்ளையை (பூச்சி போலக் கட்டிய முள்ளை) அது சுமந்து போகிறது. யூரோ முறையில் எடை முழுக்க நிம்ஃபின் மணியில். நீங்கள் வீசுவது அதைத்தான், பின்னாலேயே லீடர் போகிறது. 20 அடி லீடர் போட்டு 20 அடி தூரத்துக்குள் மீன் பிடித்தால், லைன் ராட் நுனியைத் தாண்டி வெளியே வரவே வராது. தாண்டி வந்தால்தான் தொல்லை. நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் கனமான லைன் தொங்கினால் தொய்வு விழும். அந்தத் தொய்வு நிம்ஃபை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். மீன் படுத்திருக்கும் ஓட்டத்தை விட்டு நிம்ஃப் விலகி வந்துவிடும், கடித்ததும் கைக்குத் தெரியாது.

அப்படியானால் யூரோ லைன் என்று ஒன்று ஏன் இருக்கிறது? பெரிய காரணம் போட்டி. ஃப்ளை ஃபிஷிங் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தும் ஃபிப்ஸ்-மூஷ் அமைப்பின் விதிப்படி லீடர், ராடின் நீளத்தைப் போல இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது; லைனின் பருமன் 0.55 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. போட்டியாளர்கள் தூரத்தில் நிம்ஃப் ஓட்டும்போது லைனும் நுனிக்கு வெளியே வந்தே தீரும். அதனால் விதி அனுமதிக்கும் குறைந்தபட்சப் பருமனிலேயே கம்பெனிகள் லைன் செய்கின்றன. ரியோ, கார்ட்லண்ட், சயின்டிஃபிக் ஆங்ளர்ஸ் எதை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். நீங்கள் போட்டிக்குப் போகவில்லை. உங்கள் 5 வெயிட் லைனில் ஒரு வசதியும் இருக்கிறது: மாலையில் பூச்சி எழும்பி மீன் மேலே வந்தால், லீடரை மாற்றிவிட்டு அதே லைனில் டிரை ஃப்ளை (நீர்மேல் மிதக்கும் ஃப்ளை) வீசலாம். யூரோ லைனில் அது பெரும்பாடு.

இனி லீடர். நான் புதியவர்களுக்குக் கட்டிக் கொடுப்பது இதுதான்: மேக்சிமா கமீலியன் என்ற தங்கூசியில் 20 பவுண்டு தாங்குவது 10 அடி, அதோடு 12 பவுண்டு 4 அடி, அப்புறம் நிறம் மாறி மாறி வரும் சைட்டர் (கடியைக் கண்ணால் பார்க்க உதவும் இழை) 2 அடி. சைட்டரின் நுனியில் 2 மி.மீ. டிப்பெட் வளையம். வளையத்திலிருந்து டிப்பெட்டாக 5எக்ஸ் (எக்ஸ் எண் கூடக் கூட இழை மெலியும்) ஃப்ளூரோகார்பன் 4 அல்லது 5 அடி. தங்கூசித் துண்டுகளை பிளட் நாட் முடிச்சு போட்டு இணைத்து, வால்களை ஒட்ட நறுக்குங்கள். கமீலியன் விறைப்பானது, 20 பவுண்டு கிட்டத்தட்ட 0.43 மி.மீ. தடிமன். அந்த விறைப்புதான் பழகாத கைக்கு உதவி. வீச்சு சற்றுப் பிசகினாலும் அது நிம்ஃபை முன்னால் கொண்டுபோய்ப் போடும். குளிர் நாளில் சுருள் சுருளாக வரும், தண்ணீரில் இறங்குமுன் கையால் நன்றாக இழுத்து நீட்டிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் பார்த்தால் எல்லாரும் மைக்ரோ லீடர் பற்றிப் பேசுவார்கள். அடியிலிருந்து நுனி வரை 3எக்ஸ், 4எக்ஸ் தடிமன்தான், அதாவது 0.20, 0.18 மி.மீ. தொய்வு மிகக் குறைவு, 30 அடி தள்ளியும் இலேசான நிம்ஃபை நேராக ஓட்டலாம், உண்மைதான். ஆனால் அதற்கென்று சொந்த வலு கிடையாது. ராட் நுனியைச் சரியான நொடியில் நிறுத்தாவிட்டால் எல்லாம் காலடியில் குவியும். ராடும் நீளமாக, மென்மையாக இருக்க வேண்டும். 10 அடிக்கு மேல், 2 அல்லது 3 வெயிட். உங்கள் 9 அடி 5 வெயிட்டில் மைக்ரோ லீடர் போட்டால் முதல் வாரமே வெறுத்துவிடுவீர்கள். கிட்டத்தில், ராடைத் தூக்கிப் பிடித்து மீன் பிடிக்கும்போது தடித்த லீடரின் தொய்வு பெரிதாகத் தெரியாது. பழகிய பின் தூரம் போதவில்லை என்று தோன்றினால் அப்போது மெலிதாக்குங்கள்.

டிப்பெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆற்றில் மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும். நடுவில் நிற்கும் டிப்பெட்டை மேல்நீர் தள்ளத் தள்ள, அடியில் இருக்கும் நிம்ஃப் கூடவே மேலே ஏறும். டிப்பெட் தடிமனாக இருந்தால் தள்ளலும் அதிகம். நிம்ஃபை இறக்க இன்னும் பெரிய மணி தேவைப்படும். 5எக்ஸ் 0.15 மி.மீ., 6எக்ஸ் 0.13. இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே 3.3 மி.மீ. மணிக்குப் பதில் 2.8 போதும் என்று ஆகலாம். வளையத்திலிருந்து நிம்ஃப் வரை ஒரே பருமனில் விடுங்கள், நடுவில் படிப்படியாக மெலிய வேண்டாம். நீளம் தண்ணீரின் ஆழத்தைவிடச் சற்று அதிகம் இருந்தால் சைட்டர் நீருக்கு மேலேயே நிற்கும். முதலில் ஒரே நிம்ஃப் போடுங்கள். இரண்டு போட்டால் சிக்கு எடுப்பதிலேயே காலை போய்விடும்.

லைனையும் லீடரையும் இணைப்பது பற்றி ஒரு வார்த்தை. லைன் நுனியில் கம்பெனி போட்ட கண்ணியில் லீடரைக் கோத்தால் மாற்றுவது எளிது, ஆனால் அந்த முடிச்சு ராட் வளையங்களில் தட்டும். 20 அடி லீடரோடு மீனை வலைக்குள் கொண்டுவர, அந்த இணைப்பு சில வளையங்களுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். பெரிய மீன் திரும்ப ஓடும்போது அங்கே மாட்டினால் டிப்பெட் அறும். டிரை ஃப்ளைக்கு அடிக்கடி மாறுபவர் கண்ணியை வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் அதை வெட்டிவிட்டு நெயில் நாட் முடிச்சு போட்டு, மேலே துளி சூப்பர் குளூ தடவலாம்.

காசு செலவழித்தே தீருவேன் என்றால் ரீலைப் பாருங்கள். சாதாரண ரீலில் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். தங்கூசி அதற்குள் நழுவி அச்சில் சுற்றிக்கொள்ளும், மீன் மாட்டியிருக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். முழுக்கூண்டுச் சட்டம் உள்ள ரீலில் இந்தத் தலைவலி இல்லை. அப்புறம், ஃப்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஆற்றுப் பகுதிகளில் சில இடங்களில் லீடர் நீளத்துக்கு வரம்பு இருக்கலாம். உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு விதிகளைப் பார்த்துவிட்டு 20 பவுண்டு தங்கூசியை 10 அடியா 8 அடியா என்று வெட்டுங்கள்.