நூற்பட்டியலில் ‘இல்லை’ என்று வந்தால்: ஓய்வுபெற்ற நூலகர் பதில் சொல்கிறார்

கேள்வி (ஆய்வு மாணவி, வெள்ளவத்தை): சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகையை உள்நாட்டு, வெளிநாட்டுப் பட்டியல்களில் தேடிவிட்டேன், ஐயா. ஒன்றும் வரவில்லை.

பதில்: பிள்ளை, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள் என்று சொல்லவில்லையே! தேடும் ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் அந்த மனிதர் ‘டீ’யிலும் (D) தொடங்குவார், ‘ரீ எச்’சிலும் (Th) தொடங்குவார், வெறும் ‘ரீ’யிலும் (T) தொடங்குவார். கடைசியானது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு, அதாவது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை. அதற்கு ஒலி முக்கியமல்ல, தமிழ் எழுத்துத்தான் கணக்கு. தகரம் எங்கு வந்தாலும் ‘ரீ’, ககரத்துக்கு ‘கே’, சகரத்துக்கு ‘சீ’, ழகரத்துக்கு அடிக்கோடிட்ட ‘எல்’. ‘சங்கம்’ என்பதை ‘எஸ்’ஸும் ‘ஜீ’யும் போட்டுத் தேடினால் அந்த முறையில் எழுதிய பதிவு வாய் திறக்காது. ‘சீ’யும் ‘கே’யும் போட்டுப் பாருங்கள். உங்கள் விடயத்தில் ஆளை விட்டுவிட்டு நூலின் பெயரைப் பிடிப்பது நல்லது. கலித்தொகைக்கு இரண்டு ‘ரீ’ போடுங்கள், பிறகு ஆண்டைக் கொண்டு வடிகட்டுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): கூகிளில் வராவிட்டால் நூலே இல்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை.

கேள்வி (ஆசிரியர், தெகிவளை): ஈழகேசரிப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பைக் கொடுத்தால் பட்டியல் வெறுமையாக இருக்கிறது.

பதில்: இருக்கத்தான் செய்யும். பட்டியலில் ஒரு பத்திரிகை முழுவதற்கும் சேர்த்து ஒரே பதிவுதான். அதற்குள் இருக்கும் கட்டுரைகளைப் பட்டியல் அறியாது. கட்டுரை வெளிவந்த திகதியை முதலில் கண்டுபிடியுங்கள். பிற்கால நூல்களின் அடிக்குறிப்புகளில் கிடைக்கலாம். பிறகு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இதழ்வாரியாகப் பாருங்கள். அங்கு இல்லையென்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர்கள் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வழியில் தப்பிப் பிழைத்தவை பல.

கேள்வி (பம்பலப்பிட்டி): ‘கைலாசபதி, க.’ என்று பெயரைத் தலைகீழாக எழுதுவது வெள்ளைக்காரன் பழக்கம். நமக்கேது குடும்பப்பெயர்? எழுதும் வரிசையிலேயே அடுக்கினால் என்ன?

பதில்: கைலாசபதியை எடுத்தது உங்கள் கெட்டித்தனம். அட்டைப் பட்டியலில் அவரை எப்படி அடுக்கினாலும் ‘க’ எழுத்துத் தட்டுத்தான்! சு. வித்தியானந்தனை எடுங்கள். ஒரு நூலகத்தில், பெயர் வேண்டாம், மூன்று நாள் ‘வி’ தட்டைக் கிளறினேன். அட்டை ‘சு’ தட்டில் கிடந்தது. துளையைச் சுற்றிக் கம்பித்துரு, மூலையில் எனக்கு முன்பு தேடி அலைந்த யாரோ பென்சிலால் எழுதிய ‘வி பார்க்க’. குடும்பப்பெயர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொந்தப் பெயரில் அடுக்கச் சொல்கிறேன்.

கேள்வி (அவரே): தந்தை பெயரை வாலாக ஒட்டுவது மரியாதையா?

பதில்: அட்டை தேடுவதற்கு, ஐயா, வணங்குவதற்கல்ல. திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்ட எழுத்தாளரை உங்கள் முறையில் இரண்டு தட்டுகளில் பிரித்து வைப்பீர்களா? மாறாத பெயரைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி (அவரே): அது பெண்களின் பிழையா?

பதில்: அவர்களின் பிழை என்று எங்கே சொன்னேன்? உங்கள் தட்டின் பிழை.

கேள்வி (மருதானை): நானும் தேடினேன், வரவில்லை.

பதில்: எந்தச் சொல்? முதல் பதிலைப் படியுங்கள். கொப்பி.

கேள்வி (வத்தளை): ஒரு பழைய பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன.

பதில்: யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். பிரதி எடுத்து யூனிகோட் மாற்றியில் போட்டால் தமிழாகும். அந்தப் பட்டியலுக்குள் தேடும்போது உங்கள் சொல்லையும் பாமினியாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): எல்லா நூலகங்களையும் ஒரே பெட்டியில் தேட வழியுண்டா?

பதில்: வேர்ள்ட்கட் என்ற இணையப் பட்டியல் உண்டு. ஆனால் பதிவு அனுப்பிய நூலகங்கள்தான் அதில் இருக்கும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் பஸ்ஸில் போய் இராக்கையை நேரே பாருங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): முதலெழுத்து பற்றி இன்னும் ஒன்று...

பதில்: தட்டை மூடிவிட்டேன், ஐயா.