வளைவைத் தகட்டிலேயே வெட்டுவது: குழாய் வேலை பற்றிய கேள்வி பதில்

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் தகட்டு வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து 27 வருடம் ஆகிறது. தகட்டிலிருந்து வளைந்த குழாய் செய்வது பற்றித் தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, கடையில் நேர்க் குழாய் கிடைக்கிறது, வளைக்க மெஷினும் இருக்கிறது. அப்புறம் ஏன் தகட்டிலிருந்து செய்ய வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும், தம்பி. 50 மி.மீ. விட்டமுள்ள குழாயை 100 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைக்கிறோம். ஆரத்தை எப்போதும் குழாயின் நடுக்கோட்டுக்குத்தான் சொல்வோம். முதுகுப் பக்கத்தின், அதாவது வளைவின் வெளிப்பக்கத்தின், ஆரம் 125, அதன் நீளம் 196 மி.மீ. வயிற்றுப் பக்கத்தின், அதாவது உள்பக்கத்தின், ஆரம் 75, நீளம் 118 மி.மீ. வித்தியாசம் 78 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஆரத்தை 200 ஆக்கிப் பாருங்கள், 500 ஆக்கிப் பாருங்கள், அந்த 78 மாறவே மாறாது. 90 பாகை வளைவில் முதுகுக்கும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் விட்டத்தைப் போல 1.57 மடங்கு. ஆரம் சிறியதாக ஆக, அதே வித்தியாசத்தைக் குறுகிய நீளத்துக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

நேர்க் குழாயை வளைத்தால் இந்த வித்தியாசத்தை உலோகம்தான் கொடுத்தாக வேண்டும். முதுகு இழுபட்டு மெலியும், வயிறு நெருக்குப்பட்டுத் தடிக்கும் அல்லது மடியும். ஆரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் முதுகு ஏறத்தாழ 25 சதவீதம் நீள்கிறது. 1.5 மி.மீ. சுவர் 1.2 ஆகிவிடும். ஒன்றரை மடங்கு என்றால் 1.1 அளவுக்கு இறங்கும். சின்னக் குழாய்க்கு உள்ளே மாண்ட்ரல், அதாவது குழாய் நசுங்காமல் தாங்கும் உள்தண்டு, கொடுத்து சமாளிக்கலாம். ஆனால் 300 மி.மீ. விட்டம், 1 மி.மீ. சுவர் என்றால் எந்த மெஷினில் வைத்தாலும் தகர டப்பாவை மிதித்த மாதிரி நசுங்கிவிடும். அந்த இடத்தில், நீளமான முதுகையும் குட்டையான வயிற்றையும் தகட்டிலேயே வெட்டி வைத்துவிடுகிறோம். பிறகு உலோகத்தை இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஜார்ஜ்டவுன், நாசி கண்டார் கடை உரிமையாளர்: என் சமையலறைப் புகைக்குழாயின் வளைவில் எண்ணெய் சொட்டுகிறது. சிலிகான் பூசிப் பார்த்தேன், இரண்டு மாதத்தில் மறுபடியும் சொட்டுகிறது. வளைவை மாற்றினால் சரியாகுமா?

மாற்றுங்கள், பாய். சிலிகானை நம்பாதீர்கள். எண்ணெய் படிந்த குழாயில் தீப்பிடித்தால் முதலில் போவது அதுதான். சமையலறைப் புகைக்குழாய்க்கு உலகம் முழுக்கப் பார்க்கப்படும் அமெரிக்கத் தரம் என்.எஃப்.பி.ஏ. 96. சாதா எஃகு என்றால் குறைந்தது 1.37 மி.மீ., ஸ்டெயின்லெஸ் என்றால் 1.09 மி.மீ. தடிப்பு இருக்க வேண்டும், இணைப்புகளை வெளிப்பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் திரவம் கசியாதபடி வெல்டு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மடித்து அடித்த ஏ.சி. குழாய் வளைவை அடுப்புக்கு மேல் மாட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். உங்கள் கடையிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் செய்வது ஐந்து துண்டு வளைவு. இறால் முதுகு மாதிரி துண்டு துண்டாக இருக்கும். நடுவில் மூன்று முழுத் துண்டு, இரண்டு முனையிலும் அரைத் துண்டு. மொத்தம் எட்டு அரைத் துண்டுக் கணக்கு. 90-ஐ எட்டால் வகுத்தால் 11.25 பாகை, அதுதான் வெட்டுக் கோணம்.

குழாய் விட்டம் 300, வளைவின் ஆரம் 450 என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தைத் தகட்டின் தடிப்பு நடுவில் அளக்க வேண்டும். உள்விட்டம் 300 வேண்டுமென்றால் தகட்டுத் தடிப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். சுற்றளவு 942.5 மி.மீ. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 78.5. அரைத் துண்டின் உயரம் வயிற்றிலிருந்து முதுகு வரை ஒவ்வொரு கோட்டிலும் இப்படி வரும்: 59.7, 63.7, 74.6, 89.5, 104.4, 115.3, 119.3. மறுபாதியில் அதே எண்கள் திரும்பி இறங்கும். எல்லாப் புள்ளிகளையும் நெளிவான கோட்டில் சேர்த்தால் ஒரு அலை கிடைக்கும். முழுத் துண்டுக்கு அதே அலை மேலும் கீழும்.

இனி சிக்கனத்தைப் பாருங்கள். ஒரு துண்டின் முதுகுக்கு மேல் அடுத்த துண்டின் வயிறு உட்காரும்படி மாற்றி மாற்றி அடுக்கினால், ஐந்து துண்டும் ஒரே செவ்வகத்தில் இடைவெளி இல்லாமல் அடங்கிவிடும். உயரம் 716 மி.மீ., அகலம் 942.5. நாலடிக்கு எட்டடித் தகடு 1220-க்கு 2440 மி.மீ. ஒரே தகட்டில் மூன்று வளைவு வரும். தனித்தனியாக வெட்டினால் மூன்றாவது வளைவுக்கு இடம் போதாது.

இப்போது உங்கள் எண்ணெய்க்கு வருகிறேன். அலையை வயிற்றிலிருந்து வரைய ஆரம்பித்தால், துண்டுகளின் நீளவாட்டுத் தையல், அதாவது தகட்டின் இரண்டு ஓரமும் சேரும் வெல்டு, ஒன்றுவிட்டு ஒன்று வயிற்றில் வந்து விழும். மேலே ஏறிவரும் குழாய் கிடைமட்டமாகத் திரும்பும் இடத்தில் வயிறுதான் அடிப்பக்கம். எண்ணெய் அங்கேதான் தேங்கும். அதனால் 89.5 உள்ள கோட்டிலிருந்து வரையத் தொடங்குங்கள். தையல் எல்லாம் இடதும் வலதுமாகப் பக்கவாட்டில் போய்விடும். தகட்டுச் சிக்கனம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. செய்து கொடுப்பவரிடம் இதை வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். கிடைமட்டக் குழாயை அடுப்புப் பக்கம் சாய்த்து மாட்டவும், வளைவுக்குப் பக்கத்தில் சுத்தம் செய்யக் கதவு வைக்கவும் கேளுங்கள்.

அதே கடைக்காரர்: ஐந்துக்குப் பதில் மூன்று துண்டு போதாதா?

காற்று தடுமாறும், சத்தம் வரும், ஒவ்வொரு முடக்கிலும் எண்ணெய் அதிகம் படியும். இரண்டு வெல்டு மிச்சமாகும், அவ்வளவுதான். வேண்டாம்.

சிம்பாங் அம்பாட், வெல்டர்: தகட்டை உருட்டிக் குழாயாக்கி, தையல் போட்டு, அப்புறம் வளைக்கிறேன். சில குழாய் தையலில் பிளந்துவிடுகிறது. எங்கே தவறு?

தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் ஒரு நாள் பதினான்கு கைப்பிடிக் குழாய் வளைத்தேன். தையல் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் திருப்பி வைத்தேன். அதுதான் அதிகமாக இழுபடும் பக்கம். ஒன்பதாவது குழாயில் சின்னதாக ஒரு டிக் சத்தம். தையல் ஓரத்தில் தலைமுடி தடிப்பில் ஒரு கோடு. அதுவரை வளைத்தவற்றை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஆறில் அதே கோடு. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

தையல் பக்கவாட்டில், முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கட்டும். அங்கே இழுப்பும் நெருக்கலும் மிகக் குறைவு. உள்ளே புடைத்திருக்கும் வெல்டையும் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் மாண்ட்ரல் அதில் உரசித் தையலை இழுக்கும்.

இன்னொன்று, மூன்று உருளை ரோலர் என்றால் தகட்டின் இரண்டு ஓரமும் வளையாமல் தட்டையாக நின்றுவிடும். அப்படியே தையல் போட்டால் குழாய் வெங்காய நுனி மாதிரிக் கூம்பி நிற்கும். ஓரத்தை முன்கூட்டியே அச்சில் வைத்துத் தட்டி வளைத்துக்கொண்டு உருட்டுங்கள். நான்கு உருளை மெஷின் இருந்தால் அதுவே ஓரத்தையும் வளைத்துவிடும்.

பத்து காவான், உற்பத்திப் பொறியாளர்: எங்களுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் ஒரே அளவு வளைந்த குழாய் வேண்டும். குறுகிய ஆரம், விட்டமும் வழியில் மாறுகிறது. எந்த முறை பொருந்தும்?

துண்டு துண்டாக ஒட்டுவது உங்களுக்கு ஒத்துவராது, மேடம். பிரஸ்ஸில் அடிப்பதுதான் வழி. அதில் இரண்டு பாதை இருக்கிறது.

முதலாவது, மாங்காயைப் பிளந்த மாதிரி இரண்டு பாதியாக அடித்து ஓரத்தில் வெல்டு செய்வது. வண்டிகளின் புகைபோக்கிக் கிளைக்குழாய் பலவற்றில் இந்த இரட்டைத் தையலைப் பார்த்திருப்பீர்கள். விட்டம் மாறலாம், ஆரம் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம், மாண்ட்ரல் தேவையில்லை. விலை என்னவென்றால், முழு நீளத்துக்கு இரண்டு தையல், வெல்டு சூட்டில் கோணல், ஓரத்தில் வெட்டிப்போடும் கழிவு.

இரண்டாவது, ஒரே தகட்டை வாழைப்பழ வடிவில் வெட்டி, முதலில் ப போல இரண்டு கரையும் நிமிர மடித்து, அப்புறம் அடுத்த அச்சில் ஆங்கில O போல வட்டமாக மூடுவது. முதுகின் நீளம் தகட்டிலேயே இருப்பதால் சுவர் அவ்வளவாக மெலியாது. தையல் ஒன்றுதான். ஆனால் வெட்டு வடிவம் சரியாக அமைய நான்கைந்து முறையாவது அடித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். மூடிய இரண்டு விளிம்பும் எப்போதும் கொஞ்சம் திறந்துகொள்ளும். அதைக் கடைசி அடியில் கூடுதலாக நெருக்கித்தான் சரிசெய்ய முடியும். உங்கள் விட்டம் அதிகம் மாறவில்லை என்றால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தையல் ஒன்று குறைந்தால் கசியும் இடம் ஒன்று குறைகிறது.

பட்டர்வொர்த், ஆர்.எக்ஸ்.இசட். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்: அண்ணே, டூ ஸ்ட்ரோக் புகைக்குழாயின் உப்பலான நடுப்பகுதியைத் தண்ணீர் அழுத்தத்தில் ஊதிச் செய்யலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம் தம்பி. பார்க்கவே ஆசையாக இருக்கும். 1 மி.மீ. சாதா எஃகுத் தகட்டில் ஒரே வடிவத்தில் இரண்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சுற்றி ஓரம் முழுக்க வெல்டு. ஒரு முனையில் ஹோஸ் மாட்ட இடம். உள்ளே தண்ணீர் ஏற்றினால் தட்டையாகக் கிடந்தது மெதுவாக உப்பிக் குழாயாகிவிடும். எந்த இடத்தில் என்ன விட்டம் வேண்டுமோ அதை 1.57-ஆல் பெருக்கினால் தட்டை அகலம் கிடைக்கும். 100 மி.மீ. விட்டத்துக்கு 157 மி.மீ. வெல்டு ஓரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவின் உள்பக்கத்தில் சுருக்கம் விழத்தான் செய்யும். அழுத்தத்தை இறக்கி, சூடு காட்டித் தட்டி, மறுபடி ஊத வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். காற்றால் ஊதாதீர்கள். கம்ப்ரஸர் பக்கமே போக வேண்டாம். தண்ணீர் அமுங்காது, தையல் விட்டால் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும். அமுங்கிய காற்று குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் நிரப்பும்போதும் முனையை மேலே தூக்கி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் காற்றை வெளியேற்றிய பிறகுதான் அழுத்தம் ஏற்ற வேண்டும். மாட்டுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜே.பி.ஜே.) விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சோங் பூங்கா, கோயில் நிர்வாகத்தில் உள்ளவர்: சாமிக்கு எவர்சில்வர் குழாயில் திருவாசி செய்தோம். ஒரு வருடத்துக்குள் பழுப்புப் புள்ளி வருகிறது. 304 ரக எஃகு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஐயா, அவர்கள் 304 கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கடற்கரையோரத்தில் 304-க்கு அப்படி டீக்கறை மாதிரி பழுப்பு ஏறும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்காற்றைத் தாங்க அது உதவும். புள்ளி எங்கே அதிகம் என்று பாருங்கள். வெல்டுக்குப் பக்கத்தில் என்றால், வெல்டு போட்டதும் வந்த நீலம் மஞ்சள் நிறத்தை அமிலப் பசையால் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த நிறம் படிந்த இடத்தில் குரோமியக் காப்பு பலவீனமாக இருக்கும். குழாய் முழுக்கப் பரவலாக என்றால், சாதா இரும்பு தேய்த்த கல்லையே இதற்கும் பயன்படுத்தியிருக்கலாம். இரண்டையும் சுத்தம் செய்துவிடலாம், திருவாசியை மாற்ற வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

புதிதாகச் செய்யும்போது ஒன்று சொல்லுங்கள்: வெல்டு போடும் நேரம் குழாய்க்குள் ஆர்கான் வாயு விட வேண்டும். விடாவிட்டால் உள்பக்கம் சர்க்கரை பாகு கருகின மாதிரி பொருபொருவென்று ஆகிவிடும். அரிப்பு அங்கிருந்தே ஆரம்பிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பாலிக் பூலாவ், சொந்தமாகத் தோட்டக் கதவு செய்பவர்: ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், மணல் நிரப்பி, சூடாக்கி வளைக்கலாமா?

மணல் முறை நல்ல முறைதான். ஆனால் மணலை வறுத்து எடுத்த பிறகு நிரப்புங்கள். ஈரம் இருந்து இரண்டு முனையையும் அடைத்தால் நீராவி அடைப்பைத் துப்பாக்கி மாதிரி பிய்த்தெறியும்.

ஜி.ஐ. குழாயைச் சூடாக்கவே வேண்டாம். துத்தநாகப் புகை மூச்சில் போனால் அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல் வந்து உடம்பை உலுக்கிவிடும். பால் குடித்தால் பிடிக்காது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. துத்தநாகப் பூச்சில்லாத கறுப்புக் குழாய் வாங்கி வளைத்துவிட்டு, பிறகு பூச்சு கொடுங்கள்.

நிபோங் திபால், ஒரு தாயார்: என் மகன் ஐந்தாம் படிவம் முடிக்கிறான், கைவேலையில் ஆர்வம். இந்த வேலையை எங்கே கற்கலாம்?

உங்கள் ஊரிலேயே ஆறுமுகம் பிள்ளை பெயரில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் அக்கா. பாயான் லெப்பாஸில் 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் உண்டு. எந்த இடமானாலும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்றாம் நிலை வரை முடிக்கட்டும். நான்காம் நிலை டிப்ளோமா. அதற்கு முன்னால் ஒரு மணிலா அட்டை, கத்தரிக்கோல், பசை வாங்கிக் கொடுத்து, மேலே நான் எழுதிய ஏழு எண்களையும் பத்தால் வகுத்துச் சென்டிமீட்டரில் வரைந்து, சுற்றளவு 94.2 செ.மீ. வைத்து, அந்த ஐந்து துண்டு வளைவை அட்டையில் செய்யச் சொல்லுங்கள். அட்டை ஒட்டுப் போட வேண்டியிருந்தால் போடட்டும். துண்டுகள் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.