அண்ணா சாலையில் உயரக் கட்டடம் வந்தால் கீழே தெரு என்ன ஆகும்? – கேள்வி பதில்

கட்டட வரைபடம் போடுவதும் அதற்கு அனுமதி வாங்க அலைவதுமாக முப்பது வருடம் ஓடிவிட்டது. சென்னையின் உயரக் கட்டடங்களைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் இவை.

கல்லூரி மாணவர்: சார், அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? நேரில் பார்த்தால் சின்னதாகத்தானே இருக்கிறது?

இப்போது சின்னதுதான். 177 அடி. 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே 236 அடி. ஆனால் 1959இல் இதைத் திறந்தபோது சுற்றிலும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்கள்தான் இருந்தன. இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்ற பெயரும் இரண்டு வருடம் இருந்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் காப்பீட்டு நிறுவனத்துக்காக ஆரம்பித்த வேலை இது. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. படத்தில் ஒருவர் ஊரிலிருந்து பட்டணம் வந்துவிட்டார் என்று காட்ட சென்ட்ரலையும் இதையும் காட்டினால் போதும் என்ற காலம் இருந்தது. தனியாக நின்றதால் கிடைத்த மரியாதை அது. இன்று இதைவிட மூன்று மடங்கு உயரத்தில் கட்டினாலும் அப்படி ஒரு பெயர் வராது.

ஆயிரம் விளக்கில் கடை வைத்திருப்பவர்: எங்கள் வரிசையில் நாலு பழைய கட்டடங்களை இடித்து ஒரே கட்டடமாகக் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஆளே நடப்பதில்லை. ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் இடம் வந்தால் வியாபாரம் கூட வேண்டாமா அண்ணே?

நியாயமான கேள்வி. எல்லோரும் உயரத்தையே பார்க்கிறார்கள். நீங்கள் வாசலைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.3 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம். 30 மீட்டர் உயரம் வரை நாலு பக்கமும் 7 மீட்டர் காலியாக விட வேண்டும். அதற்கு மேலே போகப் போக, ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் விட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர இடம் வேண்டுமே, அதனால் விதியில் தப்பில்லை. இப்போது உங்களிடம் 5 கிரவுண்ட், அதாவது 12,000 சதுர அடி இருக்கிறது, சதுரமான மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுமார் 110 அடி. 60 மீட்டர் உயரம் கட்ட ஆசைப்பட்டால் பக்கத்துக்கு 12 மீட்டர், அதாவது 39 அடி போய்விடும். நடுவில் மிஞ்சுவது 32 அடிக்கு 32 அடி. லிஃப்ட், இரண்டு மாடிப்படி, குழாய் போகும் இடம் எல்லாம் கழித்தால் ஒரு நல்ல ஹால்கூடத் தேறாது.

அதனால்தான் சின்ன மனையில் உயரக் கட்டடம் வருவதில்லை. நாலைந்து மனைகளைச் சேர்த்து வாங்குகிறார்கள். பத்து வாசல் இருந்த இடத்தில் ஒரு கேட், ஒரு செக்யூரிட்டி, நீளமாக ஒரு காம்பவுண்டுச் சுவர். கீழ்த்தளமும் அதற்கு மேலே இரண்டு மூன்று தளமும் கார் நிறுத்த. அந்த ஐந்நூறு பேரும் காரில் உள்ளே போய், உள்ளேயே இருக்கும் கேன்டீனில் சாப்பிட்டு, காரிலேயே வெளியே வந்தால் உங்கள் கடைக்கு யார் வருவார்கள்? சுவரை எடுத்துவிட்டு அந்த 7 மீட்டரை நடைபாதையோடு சேர்த்துவிட்டால், நடக்கிறவருக்கு இடமும் கிடைக்கும், தீயணைப்பு வண்டிக்கு வழியும் இருக்கும். நான் சொல்லிப் பார்த்த உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் “பாதுகாப்பு இருக்காதே சார்” என்றார்கள்.

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்கிறார்களே, காசு கொடுத்தால் எவ்வளவு உயரமும் கட்டலாமா?

எவ்வளவும் இல்லை, வரம்பு உண்டு. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. சாதாரணக் கட்டடத்துக்கு 2. சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால் உயரக் கட்டடத்துக்கு 3.25. அதே சாலையில் கட்டணம் கட்டி இன்னும் பாதி வாங்கலாம், அதுதான் பிரீமியம்; 4.875 வரை போகும். என் வருத்தம் வேறு. சாலை அகலத்தை வைத்து அனுமதி தருகிறோம். அந்தச் சாலைக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எவ்வளவு தாங்கும் என்று அதே கண்டிப்போடு பார்ப்பதில்லை.

இல்லத்தரசி: தண்ணீர் லாரித் தொல்லை தாங்கவில்லை. ஒரு அடுக்குமாடிக்கு எத்தனை லாரி வரும்?

ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 200 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1,08,000 லிட்டர். குழாயும் கிணறும் கைவிட்டால் 12,000 லிட்டர் லாரி தினமும் ஒன்பது நடை வரும். உங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று எழுதவில்லை, ஆனாலும் புரிகிறது.

உயரக் கட்டடம் வெயிலை மறைத்துவிடும், காற்றை அடைத்துவிடும் என்பது உண்மையா?

நிழலுக்குச் சென்னையில் யார் சண்டை போடுவார்கள்? டிசம்பர் மாத உச்சிவேளையில் 60 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே சுமார் 44 மீட்டர் நீளும். அங்கே நடக்கிறவர் நன்றி சொல்வார். எனக்குக் கவலை கண்ணாடிதான். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் சாயங்கால வெயிலை அப்படியே சாலையில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். லண்டனில் ஃபென்சர்ச் தெருவில் உட்குழிவாகக் கட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடம், 2013இல் கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களையே உருக்கிவிட்டது. ஏ.சி. இயந்திரங்கள் வெளியே தள்ளும் அனல் தனி. காற்று அடைபடுவதைவிட, மேலே வீசும் காற்று சுவரில் மோதிக் கீழே இறங்கி மூலைகளில் சுழற்றுவதுதான் நடக்கும். முதல் மாடி உயரத்தில் அகலமாக ஒரு தாழ்வாரம் நீட்டினால் பாதி அடங்கும், மழைக்கும் ஒதுங்கலாம்.

பக்கத்து மனையில் தரைக்குக் கீழே மூன்று தளம் கட்டத் தோண்டப் போகிறார்கள். எங்கள் வீடு 50 வருடப் பழசு. என்ன செய்வது?

வேலை தொடங்கும் முன்னாலேயே எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பழைய விரிசல் உட்பட. ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மண்ணைப் பிடிக்கச் சுவர் எழுப்பிய பிறகு தோண்டுகிறார்களா, ஊறும் தண்ணீரை எவ்வளவு இறைக்கிறார்கள் என்று கேளுங்கள். இறைக்க இறைக்க உங்கள் அடியில் இருக்கும் மண்ணும் அமுங்கும். விரிசல் வந்த பிறகு போனால், “அது முன்பே இருந்தது” என்பார்கள்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து எல்.ஐ.சி. தெரியும். இப்போது மறைந்துவிட்டது. வழக்குப் போடலாமா?

போட்டாலும் நிற்காது ஐயா. உங்கள் மாடியிலிருந்து தெரிகிற காட்சி உங்கள் சொத்து இல்லை. ஆனால் ஊர் நினைத்தால் பொதுக் காட்சியைக் காப்பாற்றலாம். லண்டனில் செயின்ட் பால் தேவாலயக் கோபுரம் தெரிய வேண்டும் என்று 1930களிலிருந்தே உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன், மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசாணையே போட்டார்கள். எல்லோரும் மதித்தார்களா என்பது வேறு கதை. எல்.ஐ.சி.க்கு அப்படி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதன் பெயரில் மெட்ரோ நிலையம் மட்டும் வந்திருக்கிறது. படியேறி வெளியே வந்தால் இன்னும் முழுசாகத் தெரிகிறது.